கௌதாரிக்குக் குரல் கொடுத்தவர்கள்

மார்ச் பிறந்ததும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு வேட்டைக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அந்த நாட்டில் வான்கோழி வேட்டைக் காலம் முதலில் தொடங்கும் இடங்களில் ஒன்று அது. அங்கிருந்து வெயில் வடக்கே ஏற ஏற அவர்களும் ஏறுவார்கள். டெக்சாஸ், ராக்கி மலைத்தொடர், கிழக்கத்திய ஓக் காடுகள் என்று மே மாத இறுதிவரை ஓட்டம். ஒரே பறவைதான், ஆனால் இடத்துக்கு இடம் அது வேறு சாயல் கொண்டிருக்கிறது. அந்தச் சாயல் ஒவ்வொன்றையும் அதன் சொந்த மண்ணிலேயே வேட்டையாட வேண்டும் என்பதற்காகத்தான் ஆயிரக்கணக்கான மைல் பயணம்.

பாரிவாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும்? பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரில் காட்டு வான்கோழி கிடையாது. கௌதாரி உண்டு. ஏரிக்கரையை ஒட்டிய முள்புதரிலிருந்தும், வேலி போட்டுப் பெயர்ப்பலகை நட்ட மனைகளிலிருந்தும் விடியற்காலையில் அதன் குரல் கேட்கிறது. அந்தக் குரலை அச்சுப் பிசகாமல் திருப்பிக் கொடுக்கத் தெரிந்த சமூகம் ஒன்று ஆவடியில் வாழ்கிறது. அமெரிக்க வேட்டைக்காரர் வான்கோழிக்காகப் போகும் பயணத்தையும், நம் நரிக்குறவர்கள் கௌதாரிக்காகவும் காடைக்காகவும் தலைமுறை தலைமுறையாகப் போன பயணத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், பறவையை அறிந்தவர்களை ஒரு நாடு எப்படி நடத்துகிறது என்பது தெரிகிறது. அதைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

வால் நுனியில் இருக்கிறது அடையாளம்

முதலில் வான்கோழி. அமெரிக்காவில் பரவலாக இருக்கும் கிளையினங்கள் நான்கு. கிழக்குப் பகுதிக் காடுகளில் இருப்பதற்கு வால் இறகின் நுனி செம்பழுப்பு. ஃபுளோரிடா தீபகற்பத்தில் மட்டும் வாழும் ஓசியோலா சற்றுச் சிறியது, கறுத்தது; சிறகில் வெள்ளைப் பட்டைகள் குறுகியிருக்கும். வெள்ளையரின் படையை எதிர்த்து நின்ற செமினோல் பழங்குடித் தலைவர் ஓசியோலாவின் பெயரை 1890-இல் அதற்கு வைத்தார்கள். டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கத்து வறண்ட சமவெளியின் ரியோ கிராண்டே வகைக்கு வால் நுனி மணல் நிறம். ராக்கி மலையின் பைன் காடுகளில் வாழும் மெரியம் வகைக்கு அது ஏறக்குறைய வெள்ளை.

இந்த நான்கையும் வேட்டையாடியவருக்கு வேட்டையாளர் வட்டாரத்தில் தனி மரியாதை. ஐந்தாவதான கூல்டு வகைக்கு மெக்சிகோவின் மலைகளுக்குப் போக வேண்டும். அரிசோனா, நியூ மெக்சிகோ எல்லை மலைகளிலும் கொஞ்சம் உண்டு. அதையும் தாண்டிப் போக நினைப்பவர்கள் யுகட்டான் தீபகற்பத்துக் காடுகளுக்குப் போகிறார்கள். அங்கே இருப்பது தனி இனம். வாலில் மயில் தோகையை நினைவூட்டும் கண்கள், நீலத்தலை, அதில் ஆரஞ்சு நிறப் பருக்கள். மற்ற வகைகளின் ஆணுக்கு மார்பில் தொங்கும் தாடி இதற்கு இல்லை.

வேட்டை முறையைக் கேட்டால், சுடுவது அதில் கடைசி நொடி மட்டும்தான் என்பது புரியும். விடியுமுன் போய், ஆண் எந்த மரத்தில் அடைந்திருக்கிறது என்பதைக் காதால் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு பெட்டைபோலக் குரல் கொடுக்க வேண்டும். மரப்பெட்டியின் மூடியைத் தேய்த்து அந்தக் குரலை எழுப்புகிறவர்கள் உண்டு. மெல்லிய ரப்பர் சவ்வை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு மூச்சால் எழுப்புகிறவர்களும் உண்டு. இயற்கையில் ஆண் கத்தும், பெட்டைதான் தேடிப் போகும். வேட்டைக்காரர் கேட்பதோ நேர்மாறானது: ஆண் தன் இடத்தை விட்டுவிட்டு இவரிடம் வர வேண்டும். அதனால்தான் அது பாதி வழியில் நின்றுவிடும், சந்தேகப்படும், திரும்பிப் போகும். வான்கோழிக்குக் கண் கூர்மை அதிகம்; முகத்தை மூடிக்கொண்டு மரத்தடியில் மணிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு குரல் அதிகமாகக் கொடுத்தாலும் காரியம் கெட்டுவிடும்.

இத்தனை ஆசையோடு தேடப்படும் இந்தப் பறவை ஒரு காலத்தில் அழிவின் விளிம்பில் நின்றது. கட்டுப்பாடில்லாத வேட்டையும் காடழிப்பும் சேர்ந்து, 1930-களில் அந்த நாடு முழுக்கச் சில பத்தாயிரம் காட்டு வான்கோழிகளே எஞ்சின. பண்ணையில் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். கூண்டில் வளர்ந்த பறவைக்கு நரி யார், பருந்து யார் என்று தெரியவில்லை, செத்துப்போயின. பல ஆண்டு முயற்சி வீணானது. பிறகு, காட்டிலேயே பிழைத்திருந்தவற்றை உயிரோடு பிடித்து வேறு காடுகளுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார்கள். நீர்ப்பறவைகளுக்காக உருவாக்கிய, வெடிவிசையில் பாய்ந்து விழும் வலையை 1950-களின் தொடக்கத்தில் தெற்கு கரோலினாவில் வான்கோழிக்குப் பயன்படுத்தினார்கள். அதுதான் கைகொடுத்தது.

செலவுக்குப் பணம் வேட்டைக்காரர்களிடமிருந்தே வந்தது. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் தீர்வையை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கே ஒதுக்கும் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் 1937-இல் வந்தது. நீளத் துப்பாக்கிக்கு 11 விழுக்காடு. அதோடு உரிமக் கட்டணம். 1973-இல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தோன்றியது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பின்னர் தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் மீண்டும் குறையத் தொடங்கியபோது, குஞ்சுகள் குறைவதை முதலில் கவனித்தவர்களில் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். ஆண்டுதோறும் ஒரே காட்டுக்குப் போகிறவரின் கண்ணுக்கு அது தப்பாது.

கடல் கடந்து வந்த பறவை

மெக்சிகோவின் ஆதிகுடிகள் வீட்டில் வளர்த்த வான்கோழியை ஸ்பானியர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அது போர்த்துக்கீசியர் கையில் கோவாவுக்கு வந்தது. 1612-இல் ஜஹாங்கீரின் அதிகாரி முக்கர்ரப் கான் கோவாவில் வாங்கிய அரிய பொருள்களோடு ஒரு வான்கோழியையும் அரண்மனைக்குக் கொண்டுவந்தார். பேரரசர் வியந்துபோனார். தலையும் கழுத்தும் பச்சோந்தியைப் போல நிறம் மாறுவதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்தார். ஓவியர் உஸ்தாத் மன்சூரை வரையவும் சொன்னார். மன்சூர் தீட்டிய வான்கோழி இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'நந்தனம் வான்கோழி-1' பண்ணைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ரகம். திருவள்ளூர் மாவட்டத்துக் கொல்லைகளில் சிறகு விரித்துச் சுற்றிவரும் வான்கோழியைப் பார்த்திருப்பீர்கள். அது வீட்டுப் பறவை. வேட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் மண்ணின் காட்டுப் பறவைகளில் வான்கோழிக்கு உறவுமுறை உள்ளவை கௌதாரி, காடை, காட்டுக்கோழி, மயில். கௌதாரியின் அறிவியல் பெயரிலேயே புதுச்சேரி இருக்கிறது. 'பாண்டிசெரியானஸ்' என்று 1789-இல் பெயரிட்டார்கள். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் பியர் சோனரா இந்தப் பகுதிகளில் அலைந்து எழுதிய விவரங்கள்தான் அதற்கு அடிப்படை. சாம்பல் காட்டுக்கோழிக்கு அவர் பெயரே வந்துவிட்டது: சோனராட்டி. கௌதாரியிலும் கிளையினங்கள் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது ஒன்று, வட இந்தியச் சமவெளியில் ஒன்று, ஈரான், பாகிஸ்தான் பக்கம் இன்னும் வெளிறிய ஒன்று. காட்டுக்கோழியில் இனமே நான்கு. தெற்கில் சாம்பல், வடக்கிலும் கிழக்கிலும் சிவப்பு, இலங்கையில் அந்நாட்டின் தேசியப் பறவை, ஜாவாவில் பச்சை. நம் வீட்டுக் கோழிக்கு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அதன் மஞ்சள் காலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008-இல் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

ஆக, பாரிவாக்கத்திலிருந்து கிளம்பி இந்தப் பறவைகளைத் தேடிப் போக நினைக்கிறவருக்கு, வான்கோழிப் பயணத்துக்குச் சற்றும் குறையாத பயணம் காத்திருக்கிறது. ஏரிக்கரையில் கௌதாரியைப் பார்த்துவிட்டு, ஜவ்வாது மலையில் காட்டுச்சேவலின் கூவலைக் கேட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் சிவந்த சுண்டங்கோழியைத் தேடி, கடல் தாண்டி இலங்கையின் சிங்கராஜா காடுவரை போகலாம். கையில் துப்பாக்கி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசியதுபோல் மின்னும் மஞ்சள் புள்ளிகளுக்காகவே அது ஒரு காலத்தில் வேட்டையாடப்பட்டது. பிரிட்டனில் சால்மன் மீன் பிடிக்கும் தூண்டிலில் கட்ட அந்த இறகு கப்பல் ஏறியது. ஏற்றுமதிக்குத் தடை வந்த பிறகுதான் அந்த வியாபாரம் ஓய்ந்தது.

ஊர் ஊராய்ப் போனவர்கள்

வேட்டைக்காகப் பயணம் போவது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. நரிக்குறவர்களின் வாழ்க்கையே அதுவாகத்தான் இருந்தது. அவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி, குஜராத்தி, மராத்தி மொழிகளோடு உறவுள்ள மொழி. வடமேற்கிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் நகர்ந்து வந்தவர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. எந்தப் பருவத்தில் எந்த ஏரி வற்றும், அறுவடை முடிந்த எந்தத் தரிசில் காடை இறங்கும், நரி எந்தப் புதரில் குட்டி போடும் என்பதை வைத்துத்தான் அவர்களுடைய ஆண்டு நகர்ந்தது. கூடாரம் அடித்த இடத்தில் பறவை குறைந்தால் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஒரே இடத்தை வழித்தெடுக்காத முறை அது.

கௌதாரி பிடிக்கும் விதத்தைக் கேளுங்கள். பழக்கிய ஆண் கௌதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துப் புதரோரம் இறக்கிவிடுவார்கள். சுற்றிலும் கண்ணி. கூண்டுக் கௌதாரி குரல் கொடுக்கும். அந்த இடத்துக்குச் சொந்தக்காரனான காட்டுக் கௌதாரி தன் எல்லையில் யார் என்று சண்டைக்கு வரும். காலில் கண்ணி விழும். கூண்டுப் பறவை இல்லாவிட்டால் மனிதரே குரல் கொடுப்பார். ஆணின் குரல், பெட்டையின் குரல், மிரண்ட குரல், குஞ்சை அழைக்கும் குரல் எல்லாம் தனித்தனி. நரிபோல ஊளையிட்டு நரியை அழைக்கவும் அவர்களுக்குத் தெரியும். அமெரிக்க வேட்டைக்காரர் கடையில் வாங்கும் மரப்பெட்டியும் ரப்பர் சவ்வும் செய்யும் வேலையை இவர்கள் வெறும் தொண்டையால் செய்தார்கள். இரு முறைகளின் உள்ளே இருப்பதும் ஒரே அறிவுதான்: ஒரு பறவை எப்போது கோபப்படும், எப்போது ஆசைப்படும், எப்போது பயப்படும் என்ற அறிவு.

1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் பெற்று வேட்டையாட அதில் அப்போது இடமிருந்தது. 1991-இல் திருத்தியபோது அந்த வாசலும் அடைபட்டது. துப்பாக்கியால் சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பது, வலை விரிப்பது, கூட்டைக் கலைப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே வேட்டை என்று சட்டம் வரையறுக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு சாதாரணக் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஓட்டலில் நாம் சாப்பிடும் காடை, பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. வயலில் பிடித்த காடையோ கௌதாரியோ கையில் இருந்தால் வழக்குதான்.

இந்தத் தடை சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று வாதிடுகிறவர்களோடு நான் உடன்படவில்லை. அங்கே ஒவ்வொரு மாநிலமும் எத்தனை பறவை இருக்கிறது என்று கணக்கெடுத்து, எத்தனை பேருக்கு உரிமம், ஒருவருக்கு எத்தனை பறவை என்று நிர்ணயிக்கிறது. கணக்கு தப்பினால் வேட்டைக் காலத்தைக் குறைக்கிறது. இங்கே பாரிவாக்கம், பூந்தமல்லி, திருநின்றவூர் பக்கத்துப் புதர்களில் எத்தனை கௌதாரி மிச்சம் என்று யாரிடமும் கணக்கு இல்லை. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை போட்ட பிறகு, அதன் இருபுறமும் வயல்கள் மனைகளாகிக்கொண்டே வருகின்றன. இந்த நிலையில் துப்பாக்கிக்கு இடமில்லை.

ஆனால் தடைபோட்டதோடு வேலை முடிந்துவிட்டது என்று நாம் இருந்ததுதான் தவறு. ஒரு சமூகத்தின் தொழிலைச் சட்டத்தால் நிறுத்திய அரசு, அந்தத் தொழிலுக்குள் இருந்த அறிவை என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. நரிக்குறவர்கள் பாசிமணி, ஊசிமணிக்கு நகர்ந்தார்கள்; பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் உட்கார்ந்தார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று பல பத்தாண்டு போராடினார்கள். அதற்கான சட்டத் திருத்தத்தை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதே ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஆவடி நரிக்குறவர் குடியிருப்புக்கு வந்து, ஒரு வீட்டில் காலை உணவு சாப்பிட்டார். சாதிச் சான்றிதழ், பட்டா, குடும்ப அட்டை என்று அங்கே பேசப்பட்டவை எல்லாம் மிகத் தேவையானவை. அந்த மக்களுக்குப் பறவை தெரியும் என்பது மட்டும் எந்த அரசுத் திட்டத்திலும் ஒரு வரியாகக்கூட இல்லை.

சட்டத்தின் பாரம் யார் மேல் விழுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்ணி வைத்து நான்கு கௌதாரி பிடித்தவர் குற்றவாளி. அந்தக் கௌதாரிகள் வாழ்ந்த புதரையே இயந்திரம் வைத்து ஒரே காலையில் வழித்தெடுத்து மனை போட்டவர் மேல் இந்தச் சட்டத்தில் வழக்கு வந்து நான் கேள்விப்பட்டதில்லை. பறவைக்கு இரண்டும் சாவுதான். கண்ணியில் விழாத கௌதாரி அடுத்த ஆண்டு குஞ்சு பொரிக்கும்; புதர் போன இடத்தில் எந்தக் கௌதாரிக்கும் அடுத்த ஆண்டு கிடையாது.

ஃபுளோரிடாவுக்குப் போன இரண்டு தமிழர்

வேறு வழி இருந்தது என்பதற்கு ஆதாரம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் போகும் வழியில் உள்ள வடநெம்மேலிக்குப் போனால் போதும்.

இருளர்கள் பாம்பு பிடிப்பவர்கள். அவர்கள் பிடித்த பாம்புகளின் தோல் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் ஏற்றுமதியானது. 1972 சட்டமும் அடுத்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்தப் பிழைப்பை ஒரே வீச்சில் நிறுத்தின. நரிக்குறவர்களுக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்திருக்க வேண்டும். ஆனால் 1978-இல், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியோடு, இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதியோடு பிடிப்பார்கள். சில வாரம் பானையில் வைத்து, நான்கு முறை நஞ்சு எடுத்து, மறுபடியும் அதே பாம்பைப் பிடித்துவிடாமல் இருக்க வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் மருந்து தயாரிக்க நஞ்சு பெருமளவு இங்கிருந்துதான் போகிறது. கொன்று தோலுரித்த கை, அதே திறமையால் உயிர்காக்கும் கையானது. சட்டம் மாறவில்லை, திறமைக்கு ஒரு வேலை கிடைத்தது.

கதை அங்கே முடியவில்லை. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில், வளர்ப்புப் பிராணியாகக் கொண்டுவந்து தப்பிப் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்கத்திய முயல், ரக்கூன் எல்லாவற்றையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. 2016-இல் போட்டி வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்கள் ஒரு மாதம் தேடி 106 பாம்புகளைப் பிடித்தார்கள். அடுத்த ஜனவரியில், ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அந்த மாநில வனவிலங்கு ஆணையமும் இருளர் சங்கத்திலிருந்து இருவரை வரவழைத்தன: மாசி சடையன், வடிவேல் கோபால். முன்பின் தெரியாத நாடு, அதுவரை பிடித்தறியாத பாம்பு. முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளை அவர்கள் பிடித்துவிட்டார்கள். கைவிடப்பட்ட ஏவுகணைத் தளம் ஒன்றின் உள்ளே 16 அடி நீளப் பெண் பாம்பும் அதில் ஒன்று. அங்கிருந்தவர்கள் வண்டியில் போய்ச் சாலையோரம் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள். இவர்கள் இறங்கி நடந்து, அடர்ந்த புல்லுக்குள் போய், உரிந்த சட்டை, எச்சம், மண்ணில் பதிந்த தடம் பார்த்துத் தேடினார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஓசியோலா வான்கோழியைத் தேடி உலகத்து வேட்டைக்காரர்கள் பணம் கட்டிப் போகும் அதே மாநிலம், நம் வேட்டைக்காரர்கள் இருவரைப் பணம் கொடுத்து அழைத்தது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஒரு வேட்டைக்காரரின் கைவிளக்கு

பறவைகளின் விஷயத்திலும் இப்படி நடந்திருக்கிறது, அதுவும் நமக்கு மிக அருகில். சென்னை ராஜதானியில் மருத்துவராக இருந்த டி.சி. ஜெர்டன் பெயரைத் தாங்கிய ஒரு பறவை உண்டு. கடப்பா பக்கத்து முள்காட்டில், இரவில் மட்டும் நடமாடும். 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாததால் அழிந்தே போனது என்று முடிவுகட்டியிருந்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்வாளர்கள் ஊர் ஊராகப் படத்தைக் காட்டி விசாரித்தார்கள். 1986 ஜனவரியில் ஐத்தன்னா என்ற உள்ளூர் வேட்டைக்காரர், இரவில் கைவிளக்கு வெளிச்சத்தில் அதைக் கண்டு உயிரோடு பிடித்துவிட்டார். 86 ஆண்டு காணாமல் போன பறவையைத் திரும்பக் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பறவைக்காக லங்கமலையில் சரணாலயம் வந்தது. சென்னைக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய் ஒன்று, பறவையின் வாழிடத்தைக் கிழித்துக்கொண்டு போகாமல் இருக்கப் பாதை மாற்றப்பட்டது. அந்தத் திட்டத்தின் நீர் பூண்டிக்கு வந்து, செம்பரம்பாக்கத்துக்கும் பாய்ந்து, நம் வீட்டுக் குழாயில் வருகிறது.

நாகாலாந்தின் பாங்டி கிராமத்துக்காரர்கள் 2012-இல் தொயாங் நீர்த்தேக்கத்தருகே அமூர் வல்லூறுகளை வலை விரித்து ஆயிரமாயிரமாகக் கொன்றார்கள். உலகமே அதிர்ந்தது. மறு ஆண்டே அதே மக்கள் காவலர்களானார்கள். ஒரு பறவையும் சாகவில்லை. நம் வேடந்தாங்கலோ இதற்கெல்லாம் முன்னோடி. பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798-இல் வேட்டையைத் தடுக்கும் உரிமைச் சீட்டு வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பறவையால் ஊருக்கு லாபம் என்று இருந்தால் ஊரே காக்கும்.

ஆவடி நரிக்குறவர்களுக்குப் பறவையால் இன்று என்ன லாபம்? ஒன்றுமில்லை, ரகசியமாகப் பிடித்து விற்றால் தவிர. மடையானையும் கொக்கையும் பிடித்து விற்று மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. வனத்துறை பறவைகளைப் பறித்து விடுவிக்கிறது, வழக்குப் போடுகிறது. வயிற்றுப்பாட்டுக்கு வழி இல்லாதவரை அந்தச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கும்.

தமிழ்நாடு வனத்துறை சில ஆண்டுகளாக மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. குளிர்காலத்தில் நீர்ப்பறவைகளுக்கு ஒரு சுற்று, பிறகு நிலப்பறவைகளுக்கு ஒரு சுற்று. கல்லூரி மாணவர்கள், தொண்டர்கள், பறவை ஆர்வலர்கள் இருகண்ணோக்கியோடு வருகிறார்கள். அவர்கள் செய்வது நல்ல வேலை. ஆனால் கௌதாரி, காடை போன்றவை கண்ணுக்குத் தெரிவதை விடக் காதுக்குத்தான் அதிகம் தெரியும். புதருக்குள் இருப்பதை எண்ண வேண்டுமானால் குரல் கொடுத்துப் பதில் வாங்க வேண்டும். ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்பதுதான் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் கையாளும் வழி. இங்கேயோ ஒலிப்பதிவு தேவைப்படாத மனிதர்கள் ஆவடியில் இருக்கிறார்கள். பதிலாக வரும் குரல் ஆணுடையதா பெட்டையுடையதா, ஜோடியா கூட்டமா என்று சொல்லவும் அவர்களால் முடியும். அந்த அறிவு இன்று பெரியவர்களிடம்தான் மிச்சம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். ஆனால் தாத்தாவின் காது அவர்களுக்கு வராமல் போய்விடக் கூடாது.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. வனத்துறை நிலப்பறவைக் கணக்கெடுப்பில் நரிக்குறவர்களைத் தினக்கூலியோடு, அடையாள அட்டையோடு அமர்த்தலாம். தொண்டாக வேண்டாம், கூலியாக. 2019-இல் ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்துப் பசுமைப் பூங்கா திறந்தார்கள். அங்கே வருகிறவர்களுக்குப் பறவை காட்டும் வழிகாட்டி வேலையை அந்தக் குடியிருப்பு இளைஞர்களுக்குக் கொடுக்கலாம். வடநெம்மேலி மாதிரியே ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யலாம். பயிர்ச்சேதம் செய்யும் விலங்குகளை உயிரோடு பிடித்து இடம் மாற்றுவது, தடை செய்த கண்ணிகளைத் தேடி அகற்றுவது போன்ற வேலைகளுக்கு வனத்துறை அந்தச் சங்கத்தையே அழைக்கலாம். கண்ணி எங்கே வைப்பார்கள் என்று கண்ணி வைத்தவருக்குத்தான் தெரியும்.

அந்தக் கணக்கெடுப்பைத் தொடங்க முதல் இடம் எது என்று கேட்டால், பாரிவாக்கம் ஏரிக்கரை என்பேன். வெளிவட்டச் சாலைக்கு இந்தப் பக்கம் இன்னும் மனை போடாத தரிசுகள் மிச்சமிருக்கின்றன. அடுத்த மழைக்கு முன் அங்கே எத்தனை ஜோடிக் கௌதாரி இருக்கிறது என்ற எண் ஒரு காகிதத்தில் ஏற வேண்டும். மனைப் பிரிவுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது அதிகாரியின் மேஜையில் அந்தக் காகிதமும் இருக்க வேண்டும்.